கொடி

கொடிய எறக்குண்ணே, கை வலிக்கும்.
ஆஃப்சைடுதான். ஒத்துக்கறேன்.
சேட்டு கால்ல பந்து இருக்கும்போதே
கடைசி ஆளத் தாண்டி
ரெண்டு முழம் நின்னேன்.
ரெஃபரிகிட்ட சண்டைக்குப் போனது நான் இல்ல,
கீப்பர் ஒபேத்து.
கோல் போஸ்ட்ட வுட்டு எம்பது கஜம் ஓடியாந்து
மஞ்சக் கார்டு வாங்கினு திரும்பிப் போறான் பாரு,
வெயில்ல, ஒரு சாக்ஸ் எறங்கி.

நான் சொல்ல வந்தது வேற.

முந்தாநேத்து ராத்திரி வரைக்கும்
ஆஃப்சைடே இல்லாத ஊர்ல இருந்தேன்.
ஏழு பேர் ஆட்டம்.
அறுப்பு முடிஞ்ச வயல்ல லைட்டு கட்டி,
பாக்கு மரத்தப் பொளந்து கேலரி கட்டி,
ஊரே அதுல ஏறிக் குந்தும்.
பந்து கோலுக்குக் கிட்டப் போச்சின்னா
கேலரி மொத்தமும் முன்னாடி சாயும்,
ஆணி கத்தும்.

அங்க எம் பேரு கலைவண்ணன் இல்ல.
பாண்டி ராஜு.
போஸ்டர்ல எவன் மூஞ்சியோ.
இங்க பதிஞ்ச பேரு அங்க தெரிஞ்சா
ஒரு வருசம் தடை.
எடது பக்கம் ஆடறவன சூடானின்னு கூப்ட்டாங்க.
எந்த ஊருடான்னு கேட்டேன், ஐவரி கோஸ்ட்டாம்.
உனக்கு எந்த ஊருன்னான்.
வியாசர்பாடின்னேன்.
அது எந்த நாட்டுல இருக்குன்னான்.

மொத வாரம் அங்க பேஜாரு.
பந்த வாங்கி, நிமிந்து,
யாருக்குக் குடுக்கலாம்னு பாக்கறதுக்குள்ள
எவனாவது தோள் வந்து மேல வுழும்.
தொட்டா அடி, அதான் கணக்கு.
அந்தக் கணக்கு கால்ல ஏற ஒரு சீசன் ஆச்சி.
ஏறினத எறக்கறதுக்குள்ள
லீக் ஆரம்பிச்சிட்டாங்க.
இங்க வந்து நின்னா எடமோ எடம்,
பந்தி முடிஞ்ச கல்யாண மண்டபம் மாதிரி.
எங்க நிக்கறதுன்னே தெரியல.

வூட்ல தூங்கும்போது செவுத்த ஒதைக்கறனாம்.
காலைல சுகந்தி கேக்கறா,
அது எந்த ஊரு கோலுன்னு.

லீக்ல கிளப் குடுக்கறது
பஸ் காசு, ரெண்டு முட்டை, ஒரு வாழப்பழம்.
அங்க கவர்ல துட்டு.
ஜெயிச்சா, முன்வரிசைல குந்தினு இருந்தவன்
ஜெர்சில ஐநூறு ரூபா குத்துவான்.
முல்லை நகர் வாடகை அதுலதான்.
ஆனா பாரு,
ஹார்பர் டீமு செலக்டரு
இந்த கேட்டாண்டதான் சேர் போட்டுக் குந்துவாரு,
அந்த வயலுக்கு வர மாட்டாரு.
கோட்டால ஒரு எடம்.
எனக்கு இருபத்தேழு முடியுது.
நீ கொடி தூக்கினதும்
நோட்ட மடக்கி
பேனாவ மூடினாரு. பாத்தேன்.

இரு, இன்னும் முடியல.

போன மாசம் கொண்டோட்டி செமிஃபைனல்.
கறுப்புச் சட்ட, தொப்பிய மூக்கு வரைக்கும் எறக்கினு
விசில் ஊதினது நீதான?
கோயம்புத்தூர் ரெஃபரின்னான் மைக்ல.
ஓட்டேரி எப்பண்ணே கோயம்புத்தூர்ல சேந்துச்சி?
அன்னிக்கும் இதே மாதிரி
ரெண்டு முழம் தாண்டிதான் நின்னேன்.
நீ கையில கொடி இல்லாம
சிரிச்சினு நடுக்கோட்டக் காட்டினே.
கோல்.
கேலரி எகிறி எறங்கிச்சி.
நாலடி தூரத்துல நான் உன்னப் பாத்தேன்,
நீ என்னப் பாத்தே,
அப்பால ஷூ லேசு கட்டக் குனிஞ்சே.

நான் யார்கிட்டயும் சொல்லல.
நீயும் சொல்லல.
அதுக்காக இன்னிக்கிக் கொடியக் கீழ வெச்சிருக்கணும்னு
நான் கேக்கல.
இங்க இது ஆஃப்சைடு. கரெக்ட்டு.

சனிக்கெழம மத்தியானம் மங்களூர் வண்டி.
பெரம்பூர்ல நிக்கும்.
பால் பாயின்ட் அடிச்ச மாதிரி எம் மேல பாக்காம
நேரா சொல்லு,
நீ எந்தப் பொட்டி?

சரி, எறக்கு.
அவங்க ஃப்ரீகிக் எடுத்துட்டானுங்க,
பந்து நம்ம தலைக்கு மேல போவுது.